விஜயதசமி காலையில் ஒரு பூட்டு

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் சரளாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினெட்டு வயதில் அங்கே சேர்ந்தாள். இன்று ஒரு முழு உற்பத்தி லைனையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இயந்திரம் நின்றுவிட்டால் மற்றவர்கள் டெக்னீஷியனைத் தேடி ஓடுவார்கள். இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்பாள். "எங்க வலிக்குது உனக்கு?" என்று கேட்பாள். பாதி நேரம் அதுவும் சொல்லிவிடும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் கோகிலன் சகுனம் பார்க்கிற ஆள். முன்பெல்லாம் இவ்வளவு இல்லை. போன வருஷம் காம்பார் சாலையில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் காலில் தகடு வைக்கும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பைத்தியம் முற்றிப்போனது. பல்லி சத்தம் போட்டாலும் உட்கார்ந்துவிடுவான், யாராவது தும்மினாலும் உட்கார்ந்துவிடுவான். கால் நன்றாகத் தேறிய பிறகும் மோட்டாரில் ஏறவில்லை, வேலைக்கும் போகவில்லை. சரளாதான் அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள்.

ஈப்போவில் மளிகைக் கிடங்கு வைத்திருக்கும் முகம்மது கௌஸ் பாய் இரண்டு தடவை அவனை வேலைக்குக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் கிளம்புகிற நேரத்தில் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. மூன்றாவது தடவை பாய் சரளாவிடம் பேசினார். "நான் காத்திருக்கேன்மா, அதுல ஒண்ணுமில்ல. ஆனா அவரு வீட்டுலயே பழகிருவாரு. அப்புறம் யாரு கூப்பிட்டாலும் வர மாட்டாரு." அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. அதுதான் உண்மை என்று அவளுக்கும் தெரியும்.

கடைசியில் வேலைக்குச் சேரக் கோகிலனே நாள் குறித்தான். விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினால் எதுவும் நிற்காதாம். மோட்டாரையும் தானே ஓட்டிப் போவதாகச் சொன்னான். சரளா உடனே லீவு போட்டாள். முதல் நாள் மட்டும் அவளும் அவன் பின்னால் உட்கார்ந்து போய் வருவதாக ஏற்பாடு.

முந்தின நாள் ஆயுத பூஜைக்கு அவன்தான் மோட்டாரைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தான். பூஜை முடிந்ததும் சரளா வழக்கம்போல ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி, சாவியை அழுத்திப் பூட்டினாள். பூஜை போட்ட பொருளை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பதால் அதற்குப் பிறகு யாரும் அதன் பக்கம் போகவில்லை.

காலையில் சாவி பாதிதான் உள்ளே போனது. திருப்பினால் அசையவில்லை.

"பாத்தியா?" என்றான் கோகிலன். குரலில் பயம் இருந்தது. பயத்துக்குக் கீழே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்குத்தான் சரளா பயந்தாள். "மோட்டரே வேணாங்குது. இன்னொரு நாளு பாக்கலாம்லா." காலணியைக் கழற்றக் குனிந்தான்.

"மோட்டருக்கு வாய் இருந்தா பெட்ரோல் கேக்கும், இதையா பேசும்? சப்பாத்தக் கழட்டாதீங்க. அப்படியே நில்லுங்க."

எதிர்வீட்டுப் பிச்சைமுத்து வேலியைத் தாண்டி வந்தார். தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டி இந்த வீடுகளைக் கட்டிய நாளிலிருந்து, யார் வீட்டில் எது கெட்டாலும் முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான். "நகரு தங்கச்சி. ஹேண்டல ஒரு மிதி மிதிச்சா லாக்கு உடைஞ்சிரும். திருடனுங்க அப்படித்தானே செய்றானுங்க."

"திருடன் வேலை நமக்கு எதுக்குண்ணே?" என்று குறுக்கே நின்றுகொண்டாள். உடைத்துக்கொண்டு கிளம்பினால் கோகிலன் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போவான். பாதி வழியில் திரும்பியும் வந்துவிடுவான். பூட்டு ஒழுங்காகத் திறந்தாக வேண்டும்.

உள்ளே போய் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்தாள். வாங்கிய நாளிலிருந்து தொடாத சாவி. அதுவும் பாதியில் நின்றது. அப்படியென்றால் சாவி தேயவில்லை. ஹேண்டிலைப் பிடித்து ஆட்டினாள், கொஞ்சம் ஆடியது. உள்ளே இருக்கும் பூட்டு முளை வளையவும் இல்லை. மிச்சமிருப்பது துவாரம் ஒன்றுதான். எண்ணெய் ஸ்பிரேயை அதில் அடித்து, சாவியை விட்டு எடுத்தாள். சாவி முழுக்க மஞ்சளாகக் களிம்பு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

சந்தனம்.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டருக்குச் சாவி போடுற எடந்தானே உயிரு," என்றான் மெதுவாக. "அங்க கொஞ்சம் பெருசாவே வச்சேன். திரும்பவும் எதுவும் ஆயிரக் கூடாதுன்னு..."

பிச்சைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். சரளாவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவ்வளவு பயந்த மனுஷன் இன்று கிளம்பி நிற்கிறானே என்று நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"நீங்க வச்சீங்க, ராத்திரி நான் சாவியால உள்ள தள்ளுனேன். விடிய விடிய காஞ்சி கெட்டியாயிருச்சி. சாமியும் தடுக்கல, மோட்டரும் தடுக்கல. நாம ரெண்டு பேருந்தான் அடைச்சோம்."

அவன் கால் காயத்தைக் கழுவ வாங்கிய பழைய சிரிஞ்சில் வெந்நீரை எடுத்துத் துவாரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினாள். கொண்டை ஊசியால் கிளறினாள். மஞ்சள் கரைசல் வழிந்தது. ஒயரில் ஈரம் தங்கக் கூடாதென்று பிச்சைமுத்துவை அவர் வீட்டுச் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து காற்றடிக்கச் சொன்னாள். மறுபடி ஸ்பிரே. இந்தத் தடவை சாவி முழுதாக உள்ளே போனது. திருப்பினால் மட்டும் இறுக்கமாக நின்றது.

"முளை இழுத்துப் பிடிக்குது. நான் சாவியத் திருப்புறப்ப ஒருத்தவங்க ஹேண்டல இங்கயும் அங்கயுமா ஆட்டணும்," என்றாள். பிச்சைமுத்து கையை நீட்டினார். சரளா அவரைப் பார்க்கவே இல்லை. "ஏங்க, நீங்க வாங்க."

கோகிலன் தயங்கினான். துடைத்திருக்கிறான், பொட்டு வைத்திருக்கிறான். விபத்துக்குப் பிறகு அந்த ஹேண்டிலைப் பிடித்ததில்லை. வந்து, இரண்டு கைகளாலும் பிடித்தான். சரளா சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா. இடது பக்கம். இன்னும் கொஞ்சம்."

டக்கென்று ஒரு சத்தம். ஹேண்டில் அவன் கையில் லேசாகத் திரும்பியது.

அவன் கையை எடுக்கவில்லை. வலது பக்கம் திருப்பிப் பார்த்தான், இடது பக்கம் திருப்பிப் பார்த்தான். பிறகு யாரையும் கேட்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். சரளாவும் அவசரமாகத் தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏற வந்தாள்.

"நீ வேணாம் சரளா," என்றான். "நானே போய்ட்டு வாரேன்."

மோட்டார் கேட்டைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் போய், பெரிய சாலையில் திரும்பியது. இண்டிகேட்டர் ஒழுங்காகப் போட்டுத் திரும்பினான். பிச்சைமுத்து பம்பை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். சரளா ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல், கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.