தலையாட்டிக் கேட்கும் தலைவர்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்தும் தலைவரை எனக்குப் பிடிக்காது. தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கத்தவே மாட்டார். யார் பேசினாலும் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்பார். முடிவு மட்டும் எப்போதும் அவருடையது.

இந்த வருட ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு அவர்தான் நடுவர். தலைப்பையும் அவரே கொடுத்தார்: அமெரிக்காவின் ஆரம்பகால சனாதிபதி ஒருவர் அதிகாரத்தைப் பிழையாகப் பாவித்தாரா?

“கோர்ட் பழங்குடிச் சனத்தின்ர பக்கம் நிண்டும், அந்த மனுசன் அவையளை நிலத்தில இருந்து கலைக்கப் பார்த்தவர்” என்று வாதாடினார், பிழை என்ற அணியில் பேசிய என் மகளின் ஆசிரியை.

தலைவர் தலையாட்டினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: “சனம் தெரிவு செய்த ஆள் ஆரிட்டக் கேக்கோணும்? பிழையே இல்லை.”

ஊரிலிருந்து கலைக்கப்பட்டு லண்டன் வந்த எங்கள் சனம் கைதட்டியது. நான் எழுந்தேன். மகளையும் இழுத்துக்கொண்டு போய் அவரை வாசலில் மறித்தேன்.

“அண்ணை, எங்களைக் கலைச்சவங்களும் வோட்டில வெண்டவங்கள்தானே?”

“அது வேற, தம்பி. டீச்சருக்கு இனி இங்க வகுப்பு இல்லை.”

“பள்ளிக்கூடக் கொமிட்டி கூடி முடிவெடுத்ததோ?”

“ஏன் கூடோணும்? நான் இருக்கிறன்தானே.” மகளின் தலையைத் தடவினார். “இவவும் டீச்சரின்ர வகுப்புத்தானே? கெட்டிக்காரப் பிள்ளை.”

மிரட்டினாரா, மெச்சினாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மகள் மட்டும் சிரித்துக்கொண்டு, “தாங்க்யூ, அங்கிள்” என்றாள்.