ஏழாவது கார்டு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்பேரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அது கேலிக்கு வைத்த பெயர். ஸ்பேர் கார்டு, ஸ்பேர் கார்டு என்று வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அந்தக் கேபிள் நிறுவனத்தில் அவள் சேர்ந்தது புகார் போன் எடுக்கும் வேலைக்கு. நான்கு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திட்டு வாங்கினாள். இன்டர்நெட் போனால் மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒருவர் கத்துவார். இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் பெருமூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுவார். கத்தலைவிட அந்தப் பெருமூச்சுதான் அவளைப் படுத்தியது. எங்கே எது பழுதாகித் தனக்கு இந்தத் திட்டு வருகிறது என்று தெரிந்துகொள்ளவே, சாப்பாட்டு இடைவேளைகளில் கருவி அறைக்குப் போய் நிற்கத் தொடங்கினாள். பிறகு படித்து, தேர்வு எழுதி, அதே அறையில் டெக்னீஷியனாக உட்கார்ந்தாள்.

அந்த அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதில் புத்தகங்களைச் செருகியதுபோல எட்டு கார்டுகள். ஏழு கார்டுகள் ஊரை ஏழு பகுதியாகப் பிரித்துக்கொண்டு இன்டர்நெட் அனுப்பும். ஒவ்வொன்றையும் நம்பி இரண்டாயிரம் வீடுகள். எட்டாவதுதான் ஸ்பேர், சும்மா நிற்கும். ஏழில் எது படுத்தாலும் எட்டாவது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீடுகளுக்குப் போகும் ஒயர்கள் பின்னால் உள்ள மாற்றுப் பலகை வழியாகப் போவதால், யாரும் கை வைக்காமலே அது நடந்துவிடும். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். திரையில் 'தயார்' என்று பச்சை எழுத்து வேறு எரிந்துகொண்டிருந்தது.

"தயார்னு அது சொல்லுது சார். நாம ஒரு தடவையாவது பாத்திருக்கோமா?" என்று மேனேஜரைக் கேட்டாள்.

"என்னம்மா பாக்கணும்?"

"ஓடிக்கிட்டிருக்கிற கார்டை ஒவ்வொண்ணா உருவிப் பாக்கணும்."

மேனேஜர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். "உனக்கென்ன பைத்தியமா? நல்லா ஓடுறதை நோண்டி, வம்பை விலைக்கு வாங்கச் சொல்றியா?"

அவள் விடவில்லை. இரண்டு மாதம் நச்சரித்தாள். கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒப்புக்கொண்டார். ஊருக்கெல்லாம் முன்கூட்டியே தகவல் அனுப்பியாயிற்று.

முதல் கார்டின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். உருவினாள். திரையில் எண்கள் ஒரு கணம் தடுமாறி நின்றன. ஆறே வினாடி. ஒரு வீடுகூட விழவில்லை. ஒன்றைத் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததை உருவ, இரண்டு, மூன்று, நான்கு என்று ஆறு வரைக்கும் வெண்ணெயாக நடந்தது. மேனேஜர் கொட்டாவி விட்டார்.

ஏழாவதை உருவினாள். இரண்டாயிரம் வீடுகளும் மொத்தமாகப் படுத்துவிட்டன.

"போடு! போடு! திரும்பச் செருகு!" மேனேஜர் அலறினார். செருகினாள். வீடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிடமும் அவர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"சார், இங்க வாங்க."

அவரும் குனிந்தார். ஊர் பெருகியபோது, இரண்டு வருடத்துக்கு முன்பு சேர்த்த கார்டு அது. மாட்டியவர் அவசரத்தில் ஒயர்களை மாற்றுப் பலகை வழியாகக் கொண்டுபோகாமல் நேராகக் கார்டிலேயே செருகிவிட்டுப் போயிருந்தார். எட்டாவது கார்டு விழுந்தடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாலும், அந்த வீடுகளுக்குப் போக அதற்கு வழியே கிடையாது.

"ரெண்டு வருஷமா இப்படியேவா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா சார். பச்சை எழுத்துக்கு ஒயர் தெரியாது."

ஒயர்களை மாற்றி மாட்ட மூன்று மணி நேரம். "இன்னொரு தடவை உருவட்டுமா?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஆறு வினாடி. எல்லா வீடுகளும் அப்படியே நின்றன.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏழாவது கார்டு நிஜமாகவே கருகிப்போனது. யாரும் அதைத் தொடக்கூட இல்லை. அவள் திரையைப் பார்த்தபோது எட்டாவது கார்டு சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மனசு கேட்காமல் புகார் பிரிவுக்கு ஓடினாள். அங்கே இருந்த பெண் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"போன் எதுவும் வந்துச்சா?"

"எங்கே வந்துச்சுக்கா! ஒருத்தரும் கூப்பிடலை. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் வந்து தனியாக நின்றாள். சிரிப்பு தாங்கவில்லை. கண்ணும் நிறைந்துவிட்டது. அன்றைய அறிக்கையை மேனேஜர் தன் கையாலேயே எழுதினார். பாதிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டு, கீழே காரணம் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

அவள் குடியிருந்ததும் ஏழாவது கார்டின் பகுதியில்தான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியாரைக் கேட்டாள்: "அத்தை, காலைல பதினொரு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உன் நாத்தனார்கிட்ட வீடியோல பேசிட்டிருந்தேன். ஏன்?"

"அப்போ நம்ம லைன் கார்டு எரிஞ்சு போச்சு."

"போடி, அவ முகம் பளிச்சுனு தெரிஞ்சுது! ஒரு மணி நேரம் பேசினோமே!"

"அதான் அத்தை என் வேலை" என்று சொல்லி, முழுக் கதையையும் சொன்னாள். மாமியார் வாய் பிளந்து கேட்டார். கேட்டு முடித்ததும் மகளுக்கே போனைப் போட்டார்.

"கேட்டியா, இங்க எதுவோ எரிஞ்சு போச்சாம். உன் அண்ணி அதை ஊருக்கே தெரியாம மறைச்சுட்டா! அப்படியொரு கெட்டிக்காரி!"

மறைக்கவில்லை என்று திருத்த அவள் வாயைத் திறந்தாள். மாமியாரின் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, பேசாமல் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.