பனி உருகுவதற்குள் ஒரு லைசென்ஸ்

சக்ரபாணி மாமாவுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். பெங்களூர் ஹெப்பாளில் ஒரு கேமரா கம்பெனியில் வேலை. சூட்டை வைத்து இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா. ஆஸ்பத்திரிக்கும் ஆகும், பீரங்கிக்கும் ஆகும். அதனால் ஒரே ஒரு கேமரா வெளிநாடு போகணும் என்றாலும் டெல்லி லைசென்ஸ் வேண்டும். கடைசியில் அது யார் கையில் இருக்கும், எதற்கு என்று வாங்குகிறவரிடம் எழுதி வாங்கி, ஓட்டை கண்டுபிடித்து, திருப்பிக் கேட்டு, திருப்தியானால் டெல்லிக்கு அனுப்புவது மாமா. இருபத்திரண்டு வருஷமாக.

அக்ரஹாரத்தில் எங்களுக்கு எதிர்வீடு. காலிங்பெல் அடித்துவிட்டு ஓடினால் மற்ற வீடுகளில் திட்டு கிடைக்கும். மாமா மட்டும் சட்டைப் பட்டனைச் சரிபண்ணிக்கொண்டு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். ஒருநாள் ஐந்து நிமிஷம் நின்றார். அதோடு அந்த வீட்டை விட்டுவிட்டேன். மஜாவே இல்லை.

மாமி போய் மூன்று வருஷம். ஒரே பெண் சின்மயி பின்லாந்தில், ஏரிமேல் உறைகிற பனியைப் பற்றி ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஸ்பீக்கரில் போடுவார்.

"சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. நீ?"

"ஆச்சு."

அவ்வளவுதான். தெருவுக்கே கேட்கும், கேட்க ஒன்றும் இருக்காது.

போன நவம்பரில் அவளுடைய யூனிவர்சிட்டியே மாமா கம்பெனியில் ஒரு கேமரா கேட்டது, அவள் ஆராய்ச்சிக்கு. மாமா நேராக மேனேஜரிடம் போய், "என் பொண்ணு சார், பைலை வேற யாராவது பாக்கட்டும்" என்றார். வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்? "நீங்களே பாருங்க, கையெழுத்து நான் போடறேன்" என்றுவிட்டார் மேனேஜர்.

முதல் கேள்வி போனது: கேமரா எங்கே வைக்கப்படும்? மூன்றாவது மாடி, ஏரிப்பக்க ஜன்னல் என்று சின்மயியே பதில் எழுதினாள். அடுத்தது: அறைச் சாவி யாரிடம்? என்னிடம்தான், மற்றவர்கள் மூன்று மணிக்கே போய்விடுவார்கள், அப்போதே இருட்டிவிடும். மூன்றாவது: ஏரிக்கு யார் கொண்டுபோவது? நானேதான், சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு, கூட பிளாஸ்க்கில் சாத்தமுது.

சாத்தமுது என்றால் அவர்கள் வீட்டு ரசம். அரசாங்கத்துக்குப் போகிற பைலில் ரசம்.

என் அக்கா வசுதாவுக்கு ஆபீஸில் மாமாவின் பக்கத்து மேஜை. பதில்களைப் பிரிண்ட் எடுத்து மாமா டிபன் நேரத்தில் படிப்பதை அவள்தான் கவனித்தாள். ஏழாவது கேள்வி டைப் ஆகிக்கொண்டிருந்தது: ஏரியிலிருந்து திரும்பும்போது துணைக்கு யாராவது வருவார்களா?

"சார், இது லைசென்ஸ் ஃபாரத்துல எந்த இடத்துல வரும்?"

"பாதுகாப்பு, வசுதா. பொருளோட பாதுகாப்பு."

"பொருளோடதா?"

மாமா கண்ணாடியைத் துடைத்தார்.

"மூணாவது கேள்வியிலயே பைல் முடிஞ்சுடுத்து சார். இன்னிக்கு ஜனவரி பதினெட்டு. டெல்லில ரெண்டு மாசம் ஆகும். ஏப்ரல்ல பனி உருகிடும்னு அவளே எழுதியிருக்கா. அப்பறம் எதைப் படம் பிடிப்பா, தண்ணியையா?"

"அவ ஒண்ணும் திட்டலையே. கேட்டதுக்கெல்லாம் எழுதறாளே."

"ஆபீஸ் மெயில்ல எப்படி சார் திட்டுவா?"

மாமா சொன்னாராம்: "பைல் போயிடுத்துன்னா மெயில் வராது, வசுதா."

ஊரையே வாயடைக்கிற அக்கா, டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது ஏழாவது கேள்வி திரையில் இல்லை. "விவரங்கள் பூர்த்தி" என்று ஒரு வரி. அன்றைக்கே மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் லைசென்ஸ் வந்தது, கேமரா போனது. 'பெற்றுக்கொண்டோம், நன்றி' என்று யூனிவர்சிட்டி சீலோடு ஒரு வரி வந்தது. ரசத்தோடு சேர்த்து எல்லாத் தாளும் ஆபீஸ் பீரோவில் பூட்டியாயிற்று. வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கணும், சட்டம். மாமா ஒரு நகல்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. ஸ்பீக்கரில் ஒரே காற்று.

"அப்பா, ஏரிமேல இருக்கேன். கேமரா ஓடிண்டிருக்கு. அப்பறம் பேசட்டா?"

"பண்ணு, பண்ணு."

அப்பறம் என்றால் எப்போது என்று மாமா கேட்கவில்லை.