பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

எங்க மாப்பிள்ளை இறந்தது மாசி மாசம். விளாங்குடிக்கிட்ட திண்டுக்கல் ரோட்டில் லாரி மோதி அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. எண்பதுகளின் நடுவில் நடந்தது. என் மகள் கனகத்துக்குக் கலியாணமாகி தலைப்பொங்கல்தான் முடிந்திருந்தது.

கனகம் அழவில்லை. பேசவும் இல்லை. சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருப்பாள்.

நான் மூணாம் கிளாஸோடு நின்றவன். கூலித்தறிக்கு வந்து, செல்லூரில் சொந்தப் பட்டறை போட்டவன். யார் தயவும் கிடையாது. தறி மக்கர் பண்ணினால் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, பெத்த மகளை ஒரு வார்த்தை பேசவைக்க வழி தெரியவில்லை.

ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பு. மாப்பிள்ளை ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்டது. எங்கள் பட்டறையில் எந்தத் தறி எம்புட்டு நெய்தது என்று கூட்டிச் சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். பரீட்சையன்றைக்கு அதை ஓட்டிக் காட்ட வேண்டும். அது இருந்தது ஒரு பிளாப்பியில். கருப்பாக, சதுரமாக, அப்பளம் மாதிரி வளையும். அதுவும் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. அந்தப் பரீட்சையும் இல்லையென்றால் இவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள் என்பதுதான் எனக்குப் பயம்.

மீனாட்சி சன்னதியில் நின்று கேட்டேன். "தாயே, என் உழைப்பில் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என் பிள்ளை வாயைத் திறக்கட்டும். ஒரு தடவையாவது அழட்டும்." ஆடி போனது, ஆவணி போனது. பதில் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. தறியெல்லாம் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தோம். வீட்டில் என் சம்சாரம் கனகத்தின் புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கினாள். மறுநாள் விஜயதசமி. அதற்கடுத்த நாள் பரீட்சை.

விஜயதசமி காலையில் புத்தகத்தை எடுக்கப் போன கனகத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடினேன். கையில் அந்த பிளாப்பி. அதில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும், உள்ளே தகடு மினுங்கும். கைரேகைகூடப் படக்கூடாதாம். சரியாக அந்த இடத்தில் குழைத்த சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்து கிடந்தது.

"கூறுகெட்டவளே, என்ன வேலை பாத்து வச்சிருக்க?" என்று சம்சாரத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். எம்புள்ள நெத்தியிலதான் வைக்க முடியல. அவ சாமானுக்காச்சும் வைப்போமேன்னு..."

கனகம் பிளாப்பியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"இதுல போயி யாராச்சும் சந்தனம் வைப்பாகளாம்மா?" என்றாள் கனகம். குரல் கரகரவென்று வந்தது. "அவரு வாங்கிக் குடுத்ததும்மா." சொல்லிக்கொண்டே அப்படியே உட்கார்ந்து அழுதாள். எட்டு மாசத்து அழுகை. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். "அம்மாவ வையாதீங்கப்பா" என்றாள்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. இதையும் பறித்துவிட்டாயே என்று அம்மன் மேல்தான் ஆத்திரம் வந்தது. சம்சாரம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "புள்ள பேசிட்டா, பாத்தீகளா?"

வகுப்பு வாத்தியாரைத் தேடி வீட்டுக்கே போனோம். சந்தனத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. "தகடுதான போச்சு. எழுதுனவளுக்கு மறந்தா போகும்? வாம்மா" என்று லீவு நாளில் கம்ப்யூட்டர் வகுப்புக் கதவைத் திறந்துவிட்டார். ஏசி ரூமுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கோயில் மாதிரி. நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே என் பிள்ளை ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினாள். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

பாஸ் பண்ணினாள். கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலைக்கும் போய்விட்டாள்.

போன மாப்பிள்ளை வரவில்லை. அதைக் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு நடுவில் கனகம் சில நேரம் கையை நிறுத்திவிடுவாள். அவர் இருந்த இடம் காலிதான். ஆனால் ஊமையாய்க் கிடந்த பிள்ளையை அம்மன் எழுப்பிக் கொடுத்தாள். அதற்கு நான் சாட்சி.

எல்லாம் என் கையால் ஆகும் என்று இருந்தவன் நான். இப்போது தறியை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கும்பிட்டு நிற்கிறேன். துக்கத்தில் இருக்கிற அன்பர்களே, நீங்களும் அவளிடம் கேளுங்கள். கெட்டது நடந்தது போலத் தெரிந்தால் அவசரப்பட்டு அவளை வைதுவிடாதீர்கள்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கனகம் வந்துவிடுவாள். அந்தப் பழைய பிளாப்பியை அவளே எடுத்து நீட்டுவாள்.

"இந்தாம்மா, வையி."

என் சம்சாரம் அதே இடத்தில் சந்தனம் வைப்பாள்.