இலைப்பச்சைப் போர்க்களம்

வேணுகோபாலுக்கு வயது ஐம்பத்தாறு. ஆரணியில் பட்டுப்புடவைக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கிறவர். மாங்காய், மயில், கோபுரம், எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பித் தந்துவிடுவார். அது பிழைப்பு. அவருடைய வாழ்க்கை வேறு. அது வீட்டு ஹாலில் இரண்டு கண்ணாடி பீரோக்களுக்குள், துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறது.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சிப்பாய்கள். ஒவ்வொருவரும் சுண்டுவிரல் உயரம். உலோகத்தில் வார்த்து, பெயின்ட் அடித்து, அதற்கு மேல் வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருப்பார்கள். இப்படிச் சிப்பாய் சேர்க்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அவர்களுக்குள் இரண்டு கட்சியாம். ஒன்று மினுக்குக் கட்சி, இன்னொன்று மங்கல் கட்சி. சண்டைக்குப் போகிறவன் இப்படியா மின்னுவான் என்று மங்கல் கட்சிக்காரர்கள் கேட்கிறார்களாம். வேணுகோபால் மினுக்குக் கட்சி. ஆரணியில் பிறந்துவிட்டு மினுங்காத ஒன்றை எப்படி வீட்டுக்குள் விடுவது என்பது அவர் வாதம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவருடைய முப்பது வருஷ நண்பன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து உட்கார்ந்துகொண்டு, பிரெஞ்சுக்காரன் கோட்டுக் காலர் என்ன நிறம் என்று ஆரம்பிப்பார். எழுந்து போகவும் முடியாது, கடை என்னுடையது.

அவருக்கு ஒரே ஒரு குறை. வீட்டுக்கு வருகிறவர்கள் பீரோவைப் பார்த்து, "பேரப்பசங்களுக்கு வாங்கினதா?" என்பார்கள். அவருக்குப் பேரப்பிள்ளைகளே கிடையாது. சிலர் பீரோ நல்ல பீரோ, எங்கே செய்தது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு சிப்பாயை உத்துப் பாத்து ஒரு கேள்வி கேட்டா போதும்டா. அதோட நான் அடங்கிடுவேன்" என்று என்னிடம் சொன்னார். அவர் அடங்கினால் எனக்கும் நல்லதுதானே என்று, கண்காட்சி வைக்கலாம் என்ற யோசனையை நான்தான் கொடுத்தேன். புத்தி கெட்ட வேளை.

போன தை மாதம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தது. சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். 1751ஆம் வருஷம் ஆரணிக்கு வெளியே இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்ட சண்டையை அப்படியே நிறுத்திக் காட்டுவது திட்டம். சிப்பாய்கள் தயார், பீரங்கிகள் தயார். வயல்வெளிக்குத்தான் தகராறு. பச்சைக் கார்ப்பெட் விரித்தால் சிப்பாய்கள் சோகை பிடித்த மாதிரி தெரிந்தார்கள். பிளாஸ்டிக் புல்லில் முழங்கால் வரை புதைந்துபோனார்கள். கடைசியில் மனைவி அபிதகுசாம்பாளின் இலைப்பச்சைப் பட்டுப்புடவையை விரித்ததும் வேணுகோபாலின் முகம் மலர்ந்தது. ஒட்டுமொத்தப் படையும் ஜொலித்தது. அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். புடவையில் ஒரு குண்டூசி ஓட்டைகூட விழக்கூடாது. ஆகவே பின் குத்தவில்லை, ஆணி அடிக்கவில்லை. புடவையின் கரை மேசை விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் யோசிக்காதது ஒன்று உண்டு. இது ஆரணி. இங்கே ஒரு பட்டுத்துணி கண்ணில் பட்டால், பேசுவதற்கு முன்பே கை போய்விடும். கரையைப் பிடித்துத் தூக்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கசக்கிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது.

காலை ஒன்பதரைக்கு முதல் ஆளாக வந்தவர் பக்கத்துத் தெரு ராஜம்மாள். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். நேராக மேசைக்கு வந்தார், குனிந்தார், கரையைத் தூக்கினார். வலது கோடியில் ஆறு குதிரைவீரர்கள் சாய்ந்தார்கள். "கைத்தறியா, பவர்லூமா?" என்றார். வேணுகோபால், கைத்தறிதான், ஆனால் இந்தக் குதிரைப்படை வந்து... என்று ஆரம்பித்தார். குறுக்கே ஓடும் ஊடை நன்றாக விழுந்திருக்கிறது, சாயம் எங்கே போட்டது என்று ராஜம்மாள் அபிதகுசாம்பாளிடம் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த அத்தனை பேரும் அதையேதான் செய்தார்கள். தொடாதீர்கள் என்று கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் அடித்து ஒட்டினேன். படித்துவிட்டுத் தொட்டார்கள். பத்தரை மணிக்குள் பிரெஞ்சுக்காரன் பீரங்கிப்படை மூன்று முறை அழிந்து மூன்று முறை எழுந்தது. ஒரு கல்லூரிப் பெண் செல்போனில் படம் எடுத்தாள். வேணுகோபால் ஆசையாக எட்டிப் பார்த்தார். படத்தில் ஜரிகைக் கரை மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காலையில் விரிக்கும்போது நானும் ஒரு தரம் கசக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

வேணுகோபாலின் நம்பிக்கையெல்லாம் சிறப்பு விருந்தினர் மேல் இருந்தது. அவர் பெயர் சக்கரவர்த்தி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது களம்பூரில் இருக்கிறார். நிஜச் சிப்பாய். அவராவது சிப்பாயைப் பார்க்காமல் எதைப் பார்ப்பார் என்று வேணுகோபால் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குச் சக்கரவர்த்தி வந்தார். முறுக்கு மீசை, இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த நடை. மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.  வேணுகோபால் தொண்டையைச் செருமிக்கொண்டார். சக்கரவர்த்தி மெல்லக் குனிந்தார். கரையை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் பார்ப்பதற்காக இழுத்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் விழுந்தார்கள். கொஞ்சம் பேர் தரைக்கே போய்விட்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வேணுகோபால் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. யோசனை கொடுத்தவன் நான் அல்லவா.

சக்கரவர்த்தி கரையை விட்டுவிட்டார். "மன்னிச்சுக்கோங்க சார். கை தன்னால போயிட்ச்சு. பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வூட்லயும் தறிதான்" என்றார். பிறகு எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். உத்தரவு போட்டுப் பழகிய குரல், ராஜம்மாளே போய்விட்டார். வாசலில் அபிதகுசாம்பாள், அதே பச்சையில் புடவை வேண்டும் என்றவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

சக்கரவர்த்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டார். விழுந்தவர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கினார். தன் இஷ்டத்துக்கு எவனையும் நிறுத்தக்கூடாது என்பதால் ஒவ்வொருவனையும் தூக்கிக் காட்டிக் கேட்க வேண்டியிருந்தது. இவன் எந்த வரிசை? இவனுக்கு மட்டும் ஏன் தொப்பி வேறு? இந்த வெள்ளைப் பட்டை எதற்கு? வேணுகோபால் முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். பிறகு எழுந்து வந்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வேணுகோபாலுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

மூன்று மணி இருக்கும். சக்கரவர்த்தி ஒரு சிவப்புக் கோட்டுக்காரனை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இவனுக்கு ஒரு பட்டன் கொறையுதே. மத்தவனுக்கெல்லாம் எட்டு. இவனுக்கு ஏழு."

வேணுகோபால் எழுந்து ஜன்னலுக்குப் போனார். "அவனுக்கு நான்தாங்க பெயின்ட் அடிச்சேன். எட்டாவது பட்டனை மறந்துட்டேன். அதைச் சரி பண்ணாம பதினோரு வருஷமா யாராவது கண்டுபுடிப்பாங்களான்னு பாத்துகினு இருக்கேன்" என்றார். அப்படியே அழுதுவிட்டார்.

சக்கரவர்த்தி பயந்துபோய், ஒரு பட்டன்தானே, பரவாயில்லை சார் என்று தோளைத் தட்டினார்.

"பரவால்லன்னு சொல்லாதீங்க சார்" என்றார் வேணுகோபால். "திட்டுங்க."