கேக்கில் விடுபட்ட தாஸ்மேனியா

மகள் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் மிசிசாகாவில் வேலை முடிந்து, 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜாக்கெற்றைக்கூடக் கழற்றாமல் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் தாஸ்மேனியாவிலை இருக்கலாமோ எண்டு யோசிக்கிறம்."

எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. தேத்தண்ணீர் மூக்கால் வந்தது.

பொடியன் அவுஸ்திரேலியா என்பது எனக்குத் தெரியும். இவள் ஒரு வருடம் வேலைக்கென்று மெல்பேர்ண் போன இடத்தில் பழக்கம். எங்கள் ஆட்கள்தான், தகப்பனுக்கும் யாழ்ப்பாணம். நல்ல பொடியன். எப்படியாவது ரொறன்ரோவுக்கு இழுத்துவிடலாம் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

"உது எந்தப் பக்கம்?"

"கீழை."

"எவ்வளவு கீழை?"

அவள் போனில் உலகப்படத்தை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். சிட்னி போனது, மெல்பேர்ண் போனது, தரை முடிந்தது, கடல் வந்தது. அதற்கும் கீழே ஒரு தீவு. அதையும் தாண்டினால் பனிக்கட்டியும் பென்குயினும்தான். அட கோதாரி, உலகத்தில் எத்தனையோ இடமிருக்க விளிம்பில் போய்க் குந்தப்போகிறாளாம்!

"கத்தாதேங்கோ அப்பா, ப்ளீஸ். யூலையிலை தாஸ்மேனியாவிலை இருந்து அவர்ர அம்மா அப்பா வருகினம். எங்கை இருக்கிறதெண்டு அப்ப எல்லாரும் சேர்ந்து கதைப்பம். நீங்கள் வேண்டாமெண்டா நான் யோசிப்பன்."

அந்தக் கடைசி வசனத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒன்றரை மாதம், சரியாக ஆறு கிழமை இருந்தது. அந்தத் தாஸ்மேனியாவை அக்குவேறு ஆணிவேறாகப் படித்து, அங்கே மனுசர் இருக்க ஏலாது என்று நிரூபித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நூலகத்தில் கிடைத்தது சிறுவர் பகுதிப் புத்தகம். அட்டையில் வொம்பற் என்ற பிராணி சிரித்துக்கொண்டிருந்தது. அது சதுரம் சதுரமாக மலம் போடுமாம். அதைத்தான் கொப்பியில் முதலாவதாகக் குறித்துவைத்தேன். மிச்சத்தைப் போனில் போட்டு 401இல் கேட்டேன். அந்த வீதியில் காலையும் மாலையும் நிற்கிற நேரத்துக்கு ஒரு நாட்டின் அரசியலமைப்பையே கரைத்துக் குடிக்கலாம்.

"கனடா சிற்றிசன் சோதினைக்குக்கூட நீங்கள் இப்பிடிப் படிக்கேல்லை" என்றாள் மனைவி. உண்மைதான். ஆனால் அந்தச் சோதினையில் பெயிலானால் திரும்பவும் எழுதலாம்.

சரித்திரத்தில் இருந்து தொடங்கினேன். ஐரோப்பாக்காரரில் முதலில் அந்தத் தீவைக் கண்டு பெயர் வைத்தவன் ஒரு ஒல்லாந்தக் கப்பல்காரன். யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த அதே ஆட்கள்தான். அங்கே பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்; எங்களிடம் வந்து குந்தினார்கள். பிறகு ஆங்கிலேயன் கைதிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கினான். "இஞ்சேர், கள்ளரைக் கொண்டுபோய் விட்ட இடம்!" என்று குசினிக்குக் கேட்கக் கத்தினேன். அந்த மண்ணின் ஆதிக்குடிகளைத் துரத்தியும் கொன்றும் நிலத்தைப் பிடித்த பக்கங்களை வாசித்தபோது மட்டும் கத்த வரவில்லை. அதை என் கொப்பியில் சேர்க்கவும் வெட்கமாக இருந்தது. கனடாவில் நான் இருக்கிற வீட்டு நிலமும் ஆளில்லாமல் சும்மா கிடந்த நிலமில்லை.

பொருளாதாரத்தில்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அப்பிள், கம்பளி, சால்மன் மீன், ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் என்று அலுப்பாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று அபின்! அரசாங்க அனுமதியோடு, வேலி போட்டு, வயல் வயலாக! வேலைக்குப் போயிருந்த மகளை உடனே போனில் பிடித்தேன்.

"பிள்ளை, நீ போற இடத்திலை அபின் விளையுது!"

"அது மருந்துக்கு அப்பா. உங்கட முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு தந்த குளிசையும் அதிலைதான் செய்திருப்பினம். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிப் போட்டனீங்கள்."

போனை வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அரசாங்கம் என்னை இன்னும் மோசமாகக் கவிழ்த்தது. அந்தச் சின்னத் தீவுக்கு இரண்டு சபை. வாக்குச்சீட்டிலே வேட்பாளர்களின் பெயர்கள் சீட்டுக்குச் சீட்டு ஒழுங்கு மாறி வருமாம், மேலே இருக்கிறவனுக்குச் சும்மா வாக்கு விழக்கூடாது என்பதற்காக. எனக்கு அது பிடித்துப்போனது. பிடித்துப்போனதில் எரிச்சலும் வந்தது. எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் நான் எப்போதோ தலைவர். என் பெயர் எந்தப் பட்டியலிலும் கடைசியில்தான் வரும்.

தீவின் பரப்பளவு ஏறத்தாழ இலங்கையளவு என்றும் புத்தகம் சொன்னது. அது எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாததால் கொப்பியின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

பொடியன் வீட்டார் வரப்போகும் கிழமையில் மகள் ஓர் எச்சரிக்கை தந்தாள். பொடியனின் தகப்பனுக்கு ஒரு விசராம். உலகப்படம், ரீசேட், தேத்தண்ணீர்க் கோப்பை எதிலாவது தாஸ்மேனியாவை விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவைக் கீறியிருந்தால் உடனே போனில் படமெடுத்துச் சேர்த்துவைப்பாராம். "பெரிய அல்பமே இருக்கு அப்பா. பகிடியாத்தான் காட்டுவார். ஆனா மனுசனுக்கு உள்ளுக்குக் கவலை."

கேக் இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு எந்த நல்ல காரியமும் நடக்காது. பிள்ளை பெரியபிள்ளையானாலும் கேக், புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாலும் கேக். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும் கேக்தான் என்று மனைவி, பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே கேக் அடிக்கும் அன்ரியிடம் சொல்லியிருந்தாள். நீலக் கடல், அதன்மேல் சிவப்பில் கனடா, மஞ்சளில் அவுஸ்திரேலியா. பார்த்துக் கீற உலகப்படம் ஒன்றையும் கொடுத்திருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் பெட்டியைத் திறந்தோம். கனடா இருந்தது. அவுஸ்திரேலியா இருந்தது. இரண்டுக்கும் நடுவில், யாரும் கேட்காமலே, பச்சை ஐசிங் பூசி இலங்கை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளி முத்து வேறு. தாஸ்மேனியா இருக்கவில்லை.

அன்ரிக்குப் போன் எடுத்து, தாஸ்மேனியா எங்கே என்று கேட்டேன்.

"என்ன தம்பி அது?"

"அவுஸ்திரேலியாவுக்குக் கீழை ஒரு தீவு, அன்ரி."

"ஓ, உதோ! படத்திலை ஊத்தை பட்டிருக்கெண்டு நினைச்சு விட்டிட்டன்."

"அப்ப இலங்கையை ஆர் கேட்டது?"

"ஆர் கேக்கோணும்? எங்கட நாட்டை வைக்காமல் நான் கேக் குடுப்பனோ?"

உண்மையைச் சொல்லுகிறேன், எனக்குப் பரம சந்தோசம். ஆறு கிழமை படித்து நான் சொல்ல நினைத்ததை ஒரு கேக் சொல்லிவிட்டது! உலகமே மறந்துபோகிற இடத்துக்கு என் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று இதை வைத்தே தொடங்கலாம். திரும்பிப் பார்த்தேன். மகள் மாடிப்படியில் இருந்தாள். புதுச் சேலை, தலையில் பூ. கத்தவில்லை, அழவில்லை. "நீங்களும் விட்டிட்டீங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் வர ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் குசினிக்குப் போய்த் தோசைத் தட்டகப்பையை எடுத்துவந்தேன். "இஞ்சேருங்கோ, விசரே உங்களுக்கு!" என்று மனைவி கத்தக் கத்த, இலங்கையை அடியோடு கிளப்பினேன். எனக்கு இப்போது தாஸ்மேனியாவின் வடிவம் என் கையைப் போலத் தெரியும்: மேலே அகலம், கீழே கூர். இலங்கையைத் தலைகீழாகத் திருப்பி, அவுஸ்திரேலியாவுக்குக் கீழே இறக்கி வைத்தேன். நடுவில் விழுந்த பள்ளத்தை மனைவி நீல ஐசிங்கால் மெழுகினாள்.

பொடியனும் தாய் தகப்பனும் வந்தார்கள். பொடியனின் தகப்பன் கேக்கைக் கண்டதும் பழக்கதோசத்தில் போனைத் தூக்கினார். பிறகு மெதுவாக இறக்கினார். "இருக்கு!" என்று தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

நான் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வழக்கைத் தொடங்கினேன். "உங்கட இடத்திலை அந்த வாக்குச்சீட்டு..." என்றதுதான் தாமதம், மனுசன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "அண்ணை, இத்தனை வருசத்திலை ஒருத்தரும் என்னட்டை உதைக் கேக்கேல்லை!" அதற்குப் பிறகு மேல்சபை, மின்சாரம், அப்பிள் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிக் கதைத்தோம். நான் குற்றமாகச் சொன்னதெல்லாம் அவர் காதில் புகழாகவே விழுந்தது. வொம்பற்றின் சதுர மலத்தையும் எடுத்துவிட்டேன். "அது எங்கட வளவுக்கையே கிடக்கும், வந்து பாருங்கோ!" என்றார். தேத்தண்ணீரோடு வைத்த பற்றிஸ் ஆறிப்போனது.

கேக் வெட்டுகிற நேரம் அவர் குனிந்து வெள்ளி முத்தில் விரலை வைக்கப் போனார். "எங்கட வீடு சரியா இந்த இடத்திலைதான், ஹோபாட்." விரல் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மற்றப் பக்கம்.

"பொறுங்கோ அண்ணை. இது யாழ்ப்பாணமெல்லோ?"

மனைவி என்னை முறைத்துப் பார்த்தாள்.

"அளவு ஒண்டுதானே" என்றேன். "புத்தகத்திலை கிடந்தது."

மனுசன் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். எழும்பி வந்து ஏழெட்டுப் படம் எடுத்தார்.

எங்கள் வழக்கப்படி முதல் துண்டைப் பெற்றோருக்குத் தீத்த வேண்டும். மகள் கனடாவை வெட்டவில்லை. வெள்ளி முத்து இருந்த துண்டை வெட்டி என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்பா, போகட்டோ?" என்றாள்.

அந்த முத்து இருந்த ஊரிலிருந்து நான் வெளிக்கிட்டபோது என் அப்பாவிடம் கொப்பி ஒன்றும் இருக்கவில்லை. நான் போகும் நாடு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. போயிட்டு வா என்றார், அவ்வளவுதான்.

வாயைத் திறந்தேன். முத்து பல்லில் பட்டுக் கடக்கென்றது. வாய் நிறையக் கேக். ஆறு கிழமை படித்ததில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஓமென்று தலையை ஆட்டினேன்.

"கன்னத்திலை ஐசிங், துடையுங்கோ" என்று மனைவி ரிசூத் தாளை நீட்டினாள். கன்னத்தில் ஐசிங் எதுவும் இருக்கவில்லை.