கம்பித் துணி

பள்ளிபாளையத்தில் இருபது வருடமாக விசைத்தறி ஓட்டும் சௌந்திரத்துக்கு இடக்கையில் இரண்டு விரல் மடங்காது. தறியில் சிக்கியதா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்பாள். பொய். புருஷன் தீர்த்தகிரி முறுக்கி ஒடித்தது. அந்த மகராசன் அடிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தான். தன் தோல் உரியக் கூடாதென்று முஷ்டியில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் குத்துவான். கட்டையில் போக!

போன மாசம் தறியில் புதுத் துணி ஓடியது. ஊடையில், அதாவது குறுக்கு இழையில், முடி கனத்துக்கு ஒரு கம்பி. சூடு பட்டால் துணி தானாகச் சுருங்கி இறுக்கும், ஆறினால் தளரும். கால் வீங்கியவர்களுக்குச் சுற்றுவதற்காம். அதைக் கொண்டுவந்த பொறியாளர்ப் பெண் தமிழினி, சௌந்திரத்தின் மணிக்கட்டில் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். துணி நெளிந்து வந்து கவ்வியது.

"கொதிக்கிற தண்ணி மட்டும் ஆகாதுங்கக்கா. எலும்ப நெரிச்சுப்போடும்" என்றாள் தமிழினி.

தறியில் ஏற்றிய பாவு நூல் முடிந்தால் கடைசித் துண்டு நெய்தவளுக்கு என்பது அந்தப் பட்டறை வழக்கம். சௌந்திரமும் வாங்கிவந்து வீட்டுக் கொடியில் போட்டாள்.

மறுநாள் காலை தீர்த்தகிரி ஆரம்பித்தான். தறிக்குப் போகக் கூடாதாம், மேஸ்திரியோடு சிரிக்கிறாளாம். போவேன் என்றாள். கொடியில் கைக்கு வந்ததை உருவி முஷ்டியில் சுற்றி முடிந்தான். எந்தத் துண்டென்று பார்க்கவில்லை, பாவி. முதல் குத்தில் அவள் உதடு கிழிந்தது. மயிரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, அவளுடைய வலக்கையை ஆட்டுக்கல்லின் மேல் அழுத்திப் பிடித்தான். அறுந்த இழையை முடிச்சுப் போட அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான். அதுவும் போனால் தறி இல்லை, சோறு இல்லை.

அவள் திமிறியதில் அவன் முஷ்டி குறி தவறிக் கல்லின் மறு ஓரத்தில் இறங்கியது. பக்கத்தில் வடிக்க இறக்கி வைத்திருந்த சோற்றுப் பானையை மடங்காத விரல்களால் கொக்கிபோட்டு இழுத்து அந்த முஷ்டிமேல் கவிழ்த்தாள்.

கொதிகஞ்சி பட்டதும் துணி இறுகியது. உள்ளே எலும்பு மளுக்கென்றது. தெருவே கேட்கக் கத்தினான். பல்லால் பிய்த்துப் பார்த்தான், முடிச்சு அசையவில்லை.

"அவுத்து உடு சாமி" என்று அவள் காலடியில் உருண்டான். இருபது வருடத்தில் அவளை அவன் சாமி என்றது அன்றைக்குத்தான்.

சௌந்திரம் வாய் ரத்தத்தைத் துடைத்தாள். வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஐந்தும் மடங்கின. செருப்பை மாட்டினாள்.

"பச்சத்தண்ணி பட்டா உட்டுருமுங்க. வெளிய தொட்டியில கெடக்குது, போயி முக்கிக்கோங்க. நான் தறிக்குப் போயிட்டு வாரேன்."